திகதி இல்லாத முறைப்பாடுகள்

மார்ச்சும் செப்டெம்பரும் வந்தால் எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஜெனீவாக் கதைதான், ஐ.நா. மனித உரிமைகள் பேரவை அங்கே கூடுகிற காலம். "இந்த முறை இறுக்கிப் போட்டாங்களாம்" என்பார் பேப்பர் வைத்திருப்பவர். "போன முறையும் உதைத்தானே சொன்னனீங்கள்" என்பார் பக்கத்தில் இருப்பவர். அப்புறம் கதை நெல் விலைக்கும் யானைக்கும் போய்விடும். ஜெனீவாவில் இருப்பவர்களுக்கு எங்கள் ஊரில் நடப்பது எப்படித் தெரிய வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டு நான் காணவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் தெரியும். அந்தக் கடிதங்களில் சில என் மேசையில்தான் அடிக்கப்படுகின்றன.

இலங்கையின் வடக்கே, வவுனியாப் பக்கத்துப் புளியங்குளத்தில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, லமினேற்றிங், ரீலோட், பிள்ளைகளின் பாடசாலை ஒப்படை, இவற்றோடு கடிதம் அடித்துக் கொடுப்பது. வருமானம் போட்டோகொப்பியில். நேரம் போவது கடிதத்தில். வனவளத் திணைக்களம் கல்லு நட்ட காணி, அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணத்தில் விடுபட்ட பெயர், யானை உடைத்த வீடு, காணாமல் போன பிள்ளை. இவற்றுக்கு நடுவே கோயில் கடிதங்களும் வரும். மலைக்கோயில், குளக்கட்டு ஐயனார், காட்டுக்கரைப் பிள்ளையார் எல்லாவற்றுக்கும் கடிதம் உண்டு.

கோயில் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான். "எமது ஆலயமானது பன்னெடுங்காலமாக எமது மூதாதையரால் வழிபடப்பட்டு வருகின்ற..." அந்த வசனம் முடிவதற்குள்ளேயே அரைப் பக்கம் போய்விடும். பிறகு "சிலர்" வந்தார்கள், "தடுத்தார்கள்", "மனவேதனை அடைந்துள்ளோம்", "தயவுடன் ஆவன செய்யவும்". யார் வந்தது, எந்தத் திகதி, எத்தனை மணி, என்ன சொன்னார்கள், வாகன இலக்கம் என்ன, அந்த இடத்தில் வேறு யார் நின்றது? ஒன்றும் இருக்காது.

"ஐயா, எந்தத் திகதி?"

"அது பிள்ளை, அண்டைக்கு நல்ல மழை."

"எந்த மாசம்?"

"சூடடிச்சு முடிஞ்ச பிறகு."

சூடடிப்பு முடிந்த பிறகு மழை பெய்த நாளைக் கலண்டரில் தேடுவதற்கு நானும் அவரும் அரை மணித்தியாலம் செலவழிப்போம். கடைசியில் அவருடைய பேத்தியின் சாமத்தியச் சடங்கை வைத்துத்தான் பிடிப்போம். சடங்குக்கு அல்பம் இருக்கிறது, அல்பத்தில் திகதி இருக்கிறது. சம்பவம் அதற்கு முதல் வெள்ளிக்கிழமை. சரி.

இந்தத் திகதிக்கு ஏன் இவ்வளவு பாடு என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1981 நவம்பர் 25ஆம் திகதி மத சகிப்பின்மைக்கு எதிரான பிரகடனம் ஒன்றை நிறைவேற்றியது. பிரகடனத்தைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. 1986இல் ஐ.நா.வின் மனித உரிமைகள் ஆணைக்குழு இதற்கென்று ஒரு விசேட அறிக்கையாளரை நியமித்தது. அந்தப் பதவி இன்றுவரை இருக்கிறது. 2022இலிருந்து நசிலா கானியா என்பவர் அதில் இருக்கிறார். அறிக்கையாளருக்குச் சம்பளம் இல்லை, பொலிஸ் இல்லை, வழக்குப் போடும் அதிகாரம் இல்லை. அரசாங்கம் அழைத்தால்தான் நாட்டுக்குள்ளேயே வரலாம். இலங்கைக்கு 2005 மே மாதம் அஸ்மா ஜஹாங்கிர் வந்தார். மதமாற்றத் தடைச் சட்டமூலம் பற்றிக் கொழும்பில் பெரிய கதை நடந்துகொண்டிருந்த காலம். பிறகு 2019 ஓகஸ்டில் அஹமட் ஷஹீட் வந்தார், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்து நான்கு மாதத்தில். அவருடைய அறிக்கை அடுத்த வருடம் மனித உரிமைகள் பேரவைக்குப் போனது.

அவர்கள் நாட்டுக்கு வராத காலங்களில் நடக்கும் வேலை கடிதம் எழுதுவது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யாரும் முறைப்பாடு அனுப்பலாம், அதற்கு இணையத்தில் படிவம் இருக்கிறது. முறைப்பாட்டில் விசயம் இருக்கிறது என்று கண்டால் அறிக்கையாளர் அந்த நாட்டு அரசாங்கத்துக்கு எழுதுவார்: இப்படி ஒரு தகவல் கிடைத்திருக்கிறது, இதற்கு உங்கள் விளக்கம் என்ன? 60 நாள் அவகாசம். அதற்குப் பிறகு கடிதத்தையும், பதில் வந்திருந்தால் பதிலையும் எல்லோரும் வாசிக்கும்படி இணையத்தில் போட்டுவிடுவார்கள். உள்நாட்டில் வழக்கெல்லாம் முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்ற கட்டாயமும் இந்த வழியில் இல்லை.

படிவம் கேட்பது நான் அந்த ஐயாவிடம் கேட்டவற்றைத்தான். யாருக்கு, எப்போது, எங்கே, யார் செய்தது, எப்படித் தெரியும். பாதிக்கப்பட்டவர் இந்த முறைப்பாட்டுக்குச் சம்மதித்தாரா? அவருடைய பெயரை அரசாங்கத்துக்குச் சொல்லலாமா? பகிரங்க அறிக்கையில் போடலாமா? பன்னெடுங்காலம், மூதாதையர், மனவேதனை ஆகியவற்றுக்கு அதில் பெட்டி இல்லை.

படிவம் தமிழில் இல்லை. என் மருமகள் வவுனியாவில் கற்பிக்கிறாள், ஆங்கிலம் அவள் பொறுப்பு. நான் கேள்வி கேட்டுக் கேட்டுத் தமிழில் விபரம் எடுத்துக் கொடுப்பேன்.

எங்கள் பக்கத்தில் உலகத்துக்குத் தெரிந்த சம்பவங்கள் எவை என்று பாருங்கள். வெடுக்குநாறிமலை எங்களுக்குக் கிட்ட. நெடுங்கேணி கடந்து ஒலுமடு, அங்கிருந்து காட்டுப் பாதை. 2023 மார்ச் கடைசியில் மலையிலிருந்த விக்கிரகங்கள் பெயர்த்து எறியப்பட்டிருந்தன. அடுத்த வருடம் மார்ச் 8, சிவராத்திரி. பூசை நடந்துகொண்டிருக்கும்போதே பொலிஸ் உள்ளே போய் எட்டுப் பேரைப் பிடித்தது. ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன காணொளி அன்றிரவே லண்டன், கனடா எல்லாம் சுற்றிவிட்டது. மார்ச் 19 வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இதில் திகதி இருக்கிறது, ஆட்களின் தொகை இருக்கிறது, நீதிமன்றக் கட்டளை இருக்கிறது, காணொளி இருக்கிறது. எந்த நாட்டுக்காரர் அறிக்கை எழுதினாலும் எடுத்துப் போடலாம்.

முல்லைத்தீவுக் குருந்தூர்மலை ஐயனார் கோயிலும் அப்படித்தான். 2021 ஜனவரியில் இராஜாங்க அமைச்சர் ஒருவர் படையினர் சூழ வந்து புத்தர் சிலையோடு தொல்பொருள் அகழ்வைத் தொடக்கினார். 2022 யூலையில் முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லியது. கட்டடம் அதற்குப் பிறகும் வளர்ந்தது. அந்த வழக்கைக் கேட்ட நீதிபதி ரி. சரவணராஜா 2023 செப்டெம்பரில் உயிர் அச்சுறுத்தல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாட்டை விட்டே போனார். செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணியடியில், நீதிமன்றம் வேறு இடம் சொல்லியிருக்க, 2019 செப்டெம்பர் 23ஆம் திகதி பிக்கு ஒருவரின் உடலை எரித்தார்கள். இதெல்லாம் பதிவில் இருக்கிறது. சட்டத்தரணிகள் இருந்தார்கள், பத்திரிகையாளர்கள் இருந்தார்கள்.

குளக்கட்டில் மூன்று கல்லும் ஒரு சூலமும் வைத்து வருடத்தில் ஒருநாள் பொங்கும் ஐயனாருக்கு யார் இருக்கிறார்கள்? வேலி போட்டுவிட்டார்கள் என்று அடுத்த வருடம் மடை கொண்டு போகிறபோதுதான் தெரிய வரும். அந்தக் கோயிலுக்குப் பதிவு இல்லை, நிர்வாகசபை இல்லை, படம்கூட இல்லை. யாராவது சூலத்தைப் பிடுங்கினால், பிடுங்குவதற்கு முதல் அங்கே சூலம் இருந்தது என்று காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை.

இதற்கு நேர்மாறாக சபைகளைப் பாருங்கள். பெந்தகொஸ்தே, சுவிசேஷச் சபைகளைத்தான் சொல்கிறேன். யுத்தம் முடிந்து செட்டிகுளம் அகதி முகாம்களிலிருந்து வந்தபிறகு எங்கள் ஊர்களில் அவை பெருகின. என் சொந்த அக்காவே போகிறா. மகனைத் தொலைத்துவிட்டு வந்தவவுக்கு வெள்ளிக்கிழமைக் கோயிலை விட ஞாயிற்றுக்கிழமைச் சபையில் கதைக்க ஆட்கள் கிடைத்தார்கள், போனா. அதில் எனக்குக் கோபமும் இல்லை, பெரிய சந்தோசமும் இல்லை. சபைகளுக்குக் கொழும்பில் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, தேசிய கிறிஸ்தவ சுவிசேஷக் கூட்டணி என்று. எங்காவது ஒரு சபைக்குக் கல்லெறிந்தால், ஒரு போதகரை மிரட்டினால், அவர்கள் அதைத் திகதியோடு பதிந்து வைக்கிறார்கள். அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடா வருடம் எல்லா நாடுகளுக்கும் மத சுதந்திர அறிக்கை போடுகிறதே, அதில் இலங்கைப் பகுதியில் அவர்களுடைய எண்ணிக்கை வருகிறது. அமெரிக்காவிலுள்ள பியூ ஆய்வு நிலையம் 198 நாடுகளுக்கு மதக் கட்டுப்பாட்டுக்கு ஒரு புள்ளி, சமூகப் பகைமைக்கு ஒரு புள்ளி என்று போடுகிறது. அவர்கள் ஊர் ஊராகப் போய் விசாரிப்பதில்லை. இப்படி வெளிவந்த அறிக்கைகளை வாசித்துத்தான் புள்ளி போடுகிறார்கள். ஆக, கொழும்பில் ஒருவர் கொப்பியில் எழுதியது உலக அட்டவணையில் ஏறுகிறது. எங்கள் ஐயனார் ஏறவில்லை.

இதைக் கேட்டதும் எங்கள் ஆட்கள், "பார்த்தீங்களே, வெள்ளைக்காரன் தன்ரை ஆக்களுக்குத்தான் செய்வான்" என்கிறார்கள். அவர்கள் எழுதினார்கள், நாங்கள் எழுதவில்லை, இதில் வெள்ளைக்காரனை எதற்கு இழுப்பான்?

இனி வரப்போகும் கதையை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். ஊர் பெயர் சொல்லமாட்டேன், ஆட்களையும் சொல்லமாட்டேன்.

ஒருநாள் காலமை கோயில் தலைவர் அண்ணையும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். மனு ஒன்று அடிக்க வேண்டும். பிரதேச செயலாளருக்கு ஒன்று, பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு ஒன்று, பிரதிகள் ஐந்து. விசயம், ஊரில் ஒரு வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டம். அண்ணை சொல்லச் சொல்ல அடித்தேன். இரவில் ஒலிபெருக்கி போடுகிறார்கள். வருத்தம் மாற்றுகிறோம் என்று ஏழைச் சனத்தை இழுக்கிறார்கள். கோயில் வீதிக்குக் கிட்ட இருக்கிறது. கடைசிப் பந்தி: "ஆகவே சைவப் பாரம்பரியம் மிக்க எமது கிராமத்தில் வேற்று மத வழிபாட்டிடம் எதற்கும் அனுமதி வழங்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கின்றோம்."

நான் கையை எடுத்துவிட்டு, "அண்ணை, இதே வசனத்தை எங்களுக்கு எதிரா ஒராள் எழுதினா என்ன செய்வியள்? பௌத்தப் பாரம்பரியம் மிக்க எண்டு போட்டு?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற பிள்ளை. நீ அடி."

அடித்தேன். அவருடைய கடிதம், அவருடைய கையெழுத்து. ஆனால் ஒலிபெருக்கி விசயத்தைத் தனிக் கடிதமாகப் போடச் சொல்லிப் பார்த்தேன், அது நியாயமான முறைப்பாடு என்றேன். கூட இருந்த பெடியன் ஒருவன் சிரித்துவிட்டான். திருவெம்பாவைக்கு எங்கள் கோயில் ஒலிபெருக்கி விடியக் காலமை நாலரைக்குத் தொடங்குவது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவன் வீடு அதற்குப் பக்கத்தில். அண்ணை அவனை ஒரு பார்வை பார்த்தார். தனிக் கடிதம் வேண்டாம் என்றாகிவிட்டது.

அன்று பின்னேரம் பாஸ்டர் வந்தார், கூட அந்த வீட்டுக்கார அம்மா. அவவுக்குப் புருசன் இல்லை, வீட்டுத்திட்டத்து வீடு, முன் விறாந்தையில் கூட்டம் நடக்கிறது. முதல்நாள் இரவு கூரைக்குக் கல்லு விழுந்திருக்கிறது. ஒரு சீற் உடைந்து, படுத்திருந்த பேரப்பிள்ளைக்குப் பக்கத்தில் துண்டு விழுந்திருக்கிறது. துண்டைப் பையில் போட்டே கொண்டுவந்திருந்தார்கள். பாஸ்டரிடம் அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த கடிதமும் இருந்தது: அனுமதி பெறாத வழிபாட்டிடம், நிறுத்தவும். 2008 ஒக்டோபரில் மத விவகார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையை நாடு முழுக்க இப்படித்தான் காட்டுகிறார்கள். புதிதாக வழிபாட்டிடம் கட்டுவதற்கு முன்அனுமதி எடுக்க வேண்டும் என்று சொன்ன சுற்றறிக்கை அது. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் கிடையாது. விறாந்தையில் பத்துப்பேர் இருந்து ஜெபிப்பதற்கும் அதையே நீட்டுகிறார்கள். தெற்கில் பிக்குமார் சொல்லி நீட்டுகிறார்கள், எங்கள் பக்கம் கோயில்காரர் சொல்லி.

பாஸ்டரின் கடிதத்தைப் பிரின்ற் எடுத்தபோது, காலையில் அண்ணைக்கு எடுத்ததில் பிழைத்துப்போன ஒரு பக்கம் இன்னும் தட்டில் கிடந்தது. கிழித்துப் போட்டேன். இரண்டு பேரிடமும் ஒரே காசுதான் எடுத்தேன்.

சட்டத்தில் இதற்குக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரத்தை எல்லோருக்கும் கொடுக்கிறது, அதில் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. வழிபட்டு வெளிக்காட்டும் சுதந்திரம் 14ஆம் உறுப்புரையில். அதற்கு மட்டும் கட்டுப்பாடு போடலாம். இலங்கை 1980இல் சேர்ந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தின் 18ஆம் உறுப்புரையும் இதே பிரிப்புத்தான். பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், மற்றவர்களின் உரிமை என்று காரணம் இருந்தால், அதுவும் சட்டப்படி, அதுவும் தேவையான அளவுக்கு. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்து என்று சொல்லலாம். கோயிலுக்கும் சொல்லலாம், பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் சொல்லலாம். ஜெபத்தை நிறுத்து என்று சொல்ல இடமில்லை. இந்த உறுப்புரைக்கு, சமவாயத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைகள் குழு 1993இல் கொடுத்த விளக்கத்தில் ஒரு மதமும் வேண்டாம் என்பவருக்கும் இதே பாதுகாப்பு இருக்கிறது. சாமியே இல்லை என்று திரிந்த என் சித்தப்பாவுக்கும் கணக்கில் இடம் உண்டு.

எங்கள் ஆட்களைப் பற்றி எழுதினால் காட்டிக்கொடுப்பு என்று சொல்ல ஆள் இருக்கிறது, தெரியும். 2019 சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீச்சர வீதி வளைவைப் பிடுங்கி எறிந்தது யார்? சிங்களவரா, இராணுவமா? மாந்தையில் நின்ற கத்தோலிக்கத் தமிழர்கள். அந்தக் காணொளியைப் பார்த்த சைவத் தமிழர்கள் அடுத்தநாள் முகநூலில் கத்தோலிக்கரைப் பற்றி எழுதியவற்றை இங்கே எழுத முடியாது. அதற்கு முதல் வாரம்வரை எல்லோரும் ஓகஸ்ட் 15க்கு மடுவுக்குப் போய்வந்த ஆட்கள்தான். இன்னும் பின்னுக்குப் போனால் 1990 ஒக்டோபர். வடக்கிலிருந்த முஸ்லிம் சனம் முழுவதையும், எழுபதாயிரத்துக்கு மேல் என்கிறார்கள், விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வன்னி, மன்னார், யாழ்ப்பாணம் ஒன்றும் மிச்சமில்லை. முல்லைத்தீவு நீராவிப்பிட்டியிலிருந்து புத்தளத்துக்குப் போன ஒரு நானா காணிக் கடிதம் அடிக்க என்னிடம் வருவார். வந்தால் முதலில் கேட்பது, "தங்கச்சி, அந்தப் பழைய பள்ளி உறுதிக் கொப்பி பத்திரமா இருக்குதா?" என்றுதான். ஸ்கான் பண்ணி வைத்திருக்கிறேன். அவர் என்னை நம்பிக் கேட்கிறார் என்பதே பெரிய விசயம்.

முஸ்லிம்களின் கதை வந்தபடியால் இரணைதீவையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் புதைக்கலாம் என்று சொல்லியிருக்க, இங்கே எரித்தார்கள். அந்த டிசெம்பரில் பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தையை எரித்ததோடு நாடே கலங்கியது. பொரளை மயானக் கம்பி வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. 2021 ஜனவரி 25ஆம் திகதி அஹமட் ஷஹீட் உட்பட ஐ.நா. நிபுணர்கள் நிறுத்தச் சொல்லிப் பகிரங்க அறிக்கை விட்டார்கள். பெப்ரவரி கடைசியில், ஜெனீவாவில் இலங்கைத் தீர்மானம் மேசைக்கு வந்திருந்த கிழமையில், வர்த்தமானி மாறியது. புதைக்கலாம். எங்கே? கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவில்!

1992இல் துரத்தப்பட்டு, 2018இல் தாங்களாகவே வள்ளம் ஏறிப்போய்த் தங்கள் தீவில் இருந்துகொண்ட கத்தோலிக்க மீனவச் சனம் அது. அவர்களைக் கேட்காமல் அங்கே குழி வெட்டினார்கள். முஸ்லிம்களோடு கத்தோலிக்கரைக் கொழுவ விடுவதற்கு இதைவிட நல்ல யோசனை இருந்திருக்காது. தீவுச் சனமும் பங்குத்தந்தையரும் மறியலில் இறங்கினார்கள். கடைசியில் மார்ச் 5ஆம் திகதியிலிருந்து கிழக்கில் ஓட்டமாவடியில் புதைத்தார்கள். 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. எரித்துவிட்டு மன்னிப்பு, சரி, அதுவாவது.

அப்படியானால் இந்தக் கண்காணிப்பால் பலன் உண்டு என்று சொல்கிறேனா? திருச்சிலுவைக் கன்னியர் கதையைக் கேளுங்கள். அவர்களுடைய சபையைச் சட்டப்படி பதிவதற்கான சட்டமூலத்தை 2003இல் உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. மதத்தைப் பரப்பும் உரிமை இங்கே இல்லை, பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்ற 9ஆம் உறுப்புரைக்கும் பாதிப்பு என்றார்கள். கன்னியர் ஜெனீவாவில் மனித உரிமைகள் குழுவுக்குப் போனார்கள், 2005 ஒக்டோபரில் வென்றார்கள். அடுத்த வருடம் சிங்கராசா என்பவரின் வழக்கில் நம் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவுக்கு முறைப்பாடு செய்ய வழிவிட்ட 1997ஆம் ஆண்டுக் கையெழுத்தே அரசியலமைப்புப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. வென்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கன்னியர் எங்கே போவது?

இன்னொன்று. முன்னே சொன்ன குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்குகிறோம் என்று 2007இல் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் கொண்டுவந்தார்கள். மத வெறுப்பைத் தூண்டுவது குற்றம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. 2019 மே மாதம் ஹசலக்கவில் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு அணிந்த ஒரு முஸ்லிம் பெண்ணை அந்தச் சட்டத்தில் பிடித்தார்கள். சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று நினைத்தார்களாம்! அதே சட்டத்தில் அந்த வருடம் ஒரு சிங்கள எழுத்தாளரைச் சிறுகதை எழுதியதற்கு உள்ளே போட்டார்கள். பள்ளிவாசல் எரித்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்களுக்கு அது அவ்வளவாகப் பாயவில்லை.

இவ்வளவும் தெரிந்தும் நான் படிவம் நிரப்புகிறேன். கொவிட் உடல்களை எரிப்பது நின்றதற்கு வெள்ளைத் துணி கட்டியவர்களும் காரணம், வழக்குப் போட்டவர்களும் காரணம், இறந்தவரின் பெயர், திகதி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பியவர்களும் காரணம். கடைசியாகச் சொன்னவர்களை ஒருவருக்கும் தெரியாது.

பாஸ்டரோடு வந்த அம்மாவின் படிவம் இன்னும் அனுப்பப்படவில்லை. சம்மதக் கேள்விக்கு வந்தபோது, "பேர் வேண்டாம் பிள்ளை, நான் இந்த ஊரிலதானே இருக்கவேணும்" என்றா. பெயர் இல்லாமலும் அனுப்பலாம், அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று குறிக்கலாம் என்று விளக்கினேன். ஆனால் அந்த ஊரில் கூரை உடைந்த வீடு ஒன்றுதான். பெயரை மறைத்தாலும் வீட்டை எப்படி மறைப்பது? யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறா. பொலிஸ் முறைப்பாடு மட்டும் போட்டிருக்கிறார்கள், இலக்கத்தை என் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். கோயில் தலைவர் அண்ணையின் மனுவுக்கும் ஒரு பதிலும் வரவில்லை. திருவிழா ஒலிபெருக்கி அனுமதிக் கடிதத்துக்குப் போன கிழமை வந்தவர், அதைப் பற்றி மூச்சு விடவில்லை, நானும் கேட்கவில்லை.

கடிதம் அடிக்க வருகிறவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன், எந்தக் கொமியூனிகேஷனுக்குப் போனாலும் உதவும். சம்பவம் நடந்த அன்றே ஒரு கொப்பியில் திகதியும் மணியும் எழுதுங்கள், சின்னப் பிள்ளையைக் கொண்டாவது எழுதுவியுங்கள். படம் எடுத்தால் எடுத்த போனிலிருந்தே நேரே கொண்டுவாருங்கள், வட்சப்பில் அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் படத்திலிருந்து அழிந்துவிடும். பொலிஸில் முறைப்பாடு போட்டால் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் மறுத்த திகதியை எழுதுங்கள். குளக்கட்டு ஐயனாரை இப்போதே, ஒரு பிரச்சினையும் இல்லாத நேரத்தில், நாலு பக்கமும் நின்று படம் எடுத்து வையுங்கள். "சிலர்" என்று எழுதாதீர்கள். உங்கள் ஆட்கள் செய்திருந்தாலும் "சிலர்" வேண்டாம்.

ஞாயிறு பின்னேரம் கடை பூட்டு. போயாவுக்குத் திறந்திருக்கும்.